ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – சனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளரும் பொறிக்கருவி உற்பத்தியாளரும் ஆவார். திருகாணி, போல்ட்டு, நட்டு ஆகியவற்றின் மரைகளுக்கு (திருகுப் புரிகளுக்கு) ஒரு நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட பொது அளவை முதன்முதலாக வகுத்தவர் இவர். அவ்வளவு இவர் பெயராலேயே விட்வொர்த் மரை என வழங்குகிறது. உண்மைச் சமதளம் செய்யும் முறையைப் பரப்பியது, அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவுப்பொறியை உருவாக்கியது, அறுகோணத் துளை கொண்ட துப்பாக்கியைச் செய்தது ஆகியவையும் இவருடைய பணிகளாகும்.

பெயரோ எண்ணோ பொறிக்கப்படாத பழைய கடைசல் பொறி (பேச்சு வழக்கில் லேத்து) உறுப்பு ஒன்று கையில் கிடைத்தால், அது எந்த நாட்டினது, ஏறத்தாழ எக்காலத்தது என்று அறிய விரும்புவோர் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று அதன் மரை. அந்த மரை ஏதேனும் சொல்லக்கூடியதாக இருப்பதற்கு விட்வொர்த்தே பெரிதும் காரணம்.

இளமை

விட்வொர்த் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் விட்வொர்த் பள்ளி ஆசிரியர். பின்னாளில் கிறித்தவச் சபை ஒன்றின் போதகரானார். தாயைச் சிறுவயதிலேயே இழந்த விட்வொர்த், லீட்சுக்கு அருகிலுள்ள ஐடில் என்னும் ஊரில் சில காலம் படித்தார். பதினான்கு வயதளவில் டெர்பிசயரில் பருத்தி நூற்பாலை நடத்திவந்த தாய்மாமனிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஆலையை நடத்தக் கற்றுக்கொண்டு பின்னர் அதில் பங்காளியாவான் என்பது குடும்பத்தாரின் எண்ணம். சிறுவனின் கவனமோ நூலின் மேல் செல்லாமல் நூற்கும் பொறிகளின் மேல் சென்றது. அப்பொறிகள் எவ்வளவு செப்பமின்றிச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் அவன் கண்டான். சில ஆண்டுகளில் ஆலையை விட்டு நீங்கி மான்செஸ்டரில் பட்டறைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1825 பெப்ரவரியில் பிரான்செசு ஆங்கர்சு என்பவரை மணந்தார். அதே ஆண்டில் இலண்டனுக்குச் சென்றார்.

இலண்டன் பட்டறைகள்

அக்காலத்தில் நுட்பமான பொறிவேலையைக் கற்க விரும்பியவர்கள் நாடிய இடம் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை. 1800 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாட்ஸ்லே மரை வெட்டும் கடைசல் பொறியைச் செப்பமான நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். வெட்டுளியைக் கையால் பிடிப்பதை விடுத்து, நகரும் தாங்கி ஒன்றில் பொருத்தி, நீளமான திருகு ஒன்றால் அதை நகர்த்தும் முறை அவருடைய பட்டறையில் வழக்கமாயிற்று. இம்முறைக்கு வேறு நாடுகளிலும் முன்னோடிகள் இருந்தனர். ஆகவே அது முழுவதும் மாட்ஸ்லேயின் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியன்று. ஆனால் அதைப் பட்டறையின் அன்றாடக் கருவியாக்கியவர் அவர் எனலாம்.

மாட்ஸ்லேயிடம் பணிபுரிந்தபின் விட்வொர்த், ஹோல்ட்சாப்பல் நிறுவனத்திலும் பின்னர் ஜோசப் கிளமென்டிடமும் வேலை செய்தார். ஹோல்ட்சாப்பல், செல்வர்கள் பொழுதுபோக்காகத் தந்தத்தையும் மரத்தையும் கடைவதற்கான விலையுயர்ந்த கடைசல் பொறிகளுக்குப் பெயர்பெற்றது. கிளமென்ட், சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் பொறிக்கு உறுப்புகள் செய்துகொண்டிருந்தார். இம்மூன்று இடங்களிலும் வேலைத்தரம் மிக உயர்ந்தது. ஆயினும் ஒரு பட்டறையில் செய்த நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மாட்ஸ்லேயும் கிளமென்டும் தத்தம் பட்டறைக்குள் மரைகளை ஒழுங்குபடுத்தியிருந்தனர். அவ்வொழுங்கு பட்டறை வாசலோடு நின்றது. இதை உள்ளிருந்தே பார்த்தவர் விட்வொர்த்.

1833 இல் பாபேஜின் பொறி வேலை நின்றுபோனது. விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பி, வாடகை இடம் ஒன்றில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். இலண்டனிலிருந்து வந்த கருவி செய்வோர் என்று வாசலில் பலகை மாட்டினார்.

உண்மைச் சமதளம்

மாட்ஸ்லேயின் பட்டறையில் இருந்தபோதே விட்வொர்த் ஈடுபட்ட வேலை இது. ஒரு பொறியின் உறுப்புகள் நேராக நகர வேண்டுமானால் அவை நகரும் பரப்பு சமமாக இருக்க வேண்டும். அது சமமா என்று பார்க்க, ஏற்கனவே சமமான மற்றொரு பரப்பு வேண்டும். முதல் பரப்பு எங்கிருந்து வரும்?

இதற்கு விடை மூன்று தகடுகள். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று சற்றுக் குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்று தகடுகளை எடுத்து, எந்த இரண்டை வைத்தாலும் பொருந்தும்வரை மாற்றி மாற்றித் திருத்தினால், மூன்றும் சமதளமாக இருந்தால் மட்டுமே அது கைகூடும். ஒரு தகட்டில் மெல்லிய சாயம் தடவி மற்றதன் மேல் வைத்தெடுக்க, சாயம் ஒட்டிய மேடுகளைக் கைச்சுரண்டியால் சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்குவர். அதுவரை எமரித்தூள் இட்டுத் தேய்ப்பதே வழக்கமாயிருந்தது. தூள் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் நின்று, பரப்பைத் தன்போக்கில் தின்றுவிடும். தேய்ப்பதை விட்டுச் சுரண்ட வேண்டும் என்பதே விட்வொர்த் வலியுறுத்தியது. 1840 இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டத்தில் இம்முறையை விளக்கினார்.

மூன்று தகட்டு முறை மாட்ஸ்லேயினுடையதா விட்வொர்த்தினுடையதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மாட்ஸ்லேயின் பட்டறையில் சமதளத் தகடுகள் முன்பே இருந்தன என்பதில் ஐயமில்லை. அதை எழுதிப் பரப்பி எல்லோருக்கும் உரியதாக்கியவர் விட்வொர்த் என்ற அளவில் நிற்பது நியாயமாகும்.

மரைகளுக்கு ஒரு பொது அளவு

1841 இல் இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில் விட்வொர்த் படித்த கட்டுரை, அவர் பெயரை நிலைநிறுத்தியது. அன்றைய நிலை என்னவென்றால், ஒவ்வொரு பட்டறையும் தனக்கென டேப்பும் டையும் செய்துகொண்டு, தான் விரும்பிய மரையை வெட்டியது. ஒரு பொறியைக் கழற்றினால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு உரியது என்று குறித்துவைக்க வேண்டும். போல்ட்டு ஒன்று தொலைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே எழுத வேண்டும் அல்லது புதிதாக ஒன்றைக் கடைந்து பொருத்த வேண்டும். இருப்புப் பாதைகள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில் இது பெருஞ்செலவாயிற்று.

இதைத் தீர்க்கப் புதிதாக, அறிவியல் முறைப்படி மிகச் சிறந்த மரை ஒன்றைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க விட்வொர்த் முயலவில்லை. மரைக்கு அப்படியொரு தனிச் சிறந்த வடிவம் கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆழமான மரை போல்ட்டின் வலுவைக் குறைக்கும். ஆழமற்ற மரை எளிதில் தேய்ந்துபோகும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அவர் இங்கிலாந்தின் முக்கியப் பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டினார், அளந்தார், சராசரி எடுத்தார். மரையின் கோணங்களின் சராசரி ஏறத்தாழ 55 பாகையாக வந்தது. அதையே வைத்துக்கொண்டார். மரையின் உச்சியும் அடியும் முக்கோண உயரத்தின் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வளைவாக்கப்பட்டன. ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரைகள் என்பதும் அட்டவணையாயிற்று: கால் அங்குலத்துக்கு 20, அரை அங்குலத்துக்கு 12, முக்கால் அங்குலத்துக்கு 10, ஓர் அங்குலத்துக்கு 8.

எந்தப் பட்டறையும் தன் மரையை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. எல்லோரும் சிறிது நகர்ந்தால் போதும். இவ்வளவு பரவியதற்கு இதுவே தலையாய காரணம் என்று கருதலாம். இருபது ஆண்டுகளுக்குள் அது பிரித்தானியாவின் பெரும்பாலான பட்டறைகளின் பொது அளவாகிவிட்டது. இதற்குச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

பொறிகளும் அளவீடும்

விட்வொர்த் செய்த பொறிகள் தோற்றத்திலேயே வேறுபட்டவை. முந்தைய பொறிகளின் சட்டங்கள் கோயில் தூண்களைப்போலவும் வளைவுகளைப்போலவும் அணிவேலையுடன் வார்க்கப்பட்டன. விட்வொர்த் அவற்றை நீக்கி, உள்ளே கூடாக உள்ள பெட்டி வடிவ வார்ப்பைப் பயன்படுத்தினார். அதே எடையில் அது மிகுந்த விறைப்பைத் தரும். போகும்போதும் வரும்போதும் வெட்டுவதற்காகத் தானே திரும்பிக்கொள்ளும் உளியுள்ள இழைப்புப் பொறி, முன்னும் பின்னும் இரண்டு உளிகள் வெட்டும் கடைசல் பொறி முதலியவையும் அவர் பட்டறையிலிருந்து வந்தன. உளி மெதுவாக வெட்டி விரைவாகத் திரும்பும் பொறியமைப்பு ஒன்று இன்றும் பொறியியல் பாடநூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது.

1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அவருடைய அளவுப்பொறி பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. அதன் அமைப்பு மிக எளிது. அங்குலத்துக்கு 20 மரை உள்ள திருகு. அதைச் சுழற்றும் 200 பல் சக்கரம். அச்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் சிறு திருகின் முகப்பில் 250 பிரிவுகள். 20, 200, 250 ஆகியவற்றைப் பெருக்கினால் பத்து இலட்சம். ஆக, முகப்பின் ஒரு பிரிவு அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கோடுகளைக் கண்ணால் பார்த்து அளப்பதைவிட, இரண்டு முனைகளுக்கு இடையே தொட்டுணர்ந்து அளப்பதே துல்லியமானது என்பது அவர் கொள்கை.

1857 இல் பொறியாளர் கூட்டமொன்றில் இதை அவர் எளிய முறையில் காட்டினார். 0.5770 அங்குலத் துளையுள்ள வளையம் ஒன்று, இரண்டு உருளைகள். ஒன்று 0.5770 அங்குலம், மற்றது 0.5769 அங்குலம். முதல் உருளை வளையத்துள் இறுகப் பொருந்தியது. இரண்டாவது, பொருந்தவே இல்லை என்னும்படி தளர்ந்து ஆடியது. அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக் கைவிரலே உணரும் என்பதை அவையோர் நேரில் கண்டனர்.

துப்பாக்கி

1854 இல், துப்பாக்கி செய்யும் பொறிகளை வடிவமைக்குமாறு அரசு அவரைக் கேட்டது. விட்வொர்த், முதலில் நல்ல துப்பாக்கி எது என்று அறிய வேண்டும் என்றார். மான்செஸ்டரில் தம் வீட்டையொட்டி 500 கசம் நீளமுள்ள மூடிய சுடுகூடம் ஒன்று அமைத்து, சோதனை செய்தார். இறுதியில் 0.451 அங்குல அறுகோணத் துளையும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கமும் உள்ள துப்பாக்கியை வடிவமைத்தார். 1857 இல் நடந்த ஒப்பீட்டில், 500 கச தூரத்தில் அப்போதைய என்பீல்டு துப்பாக்கியின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த் துப்பாக்கியினது 0.37 அடி. 1860 இல் விம்பிள்டன் துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியையே சுட்டார். குண்டு 400 கச தூரத்தில் இலக்கின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் பாய்ந்தது.

எனினும் இராணுவம் அதைப் பொதுப் படைக்கலமாக ஏற்கவில்லை. விலை மிகுதி, சிறிய துளை விரைவில் கரிபடிந்து அடைத்துக்கொள்ளும் என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புக் குறிசுடுவோரிடம் இது சிறு எண்ணிக்கையில் இருந்தது. விட்வொர்த் தம் துப்பாக்கிக்காகவும் பின்னர் பீரங்கிக்காகவும் அரசுடன் நெடுங்காலம் போராடினார். விட்டுக்கொடுக்கும் இயல்பு அவருக்கு இருக்கவில்லை. மரை விடயத்தில் பிறர் செய்வதின் சராசரியை எடுத்த அதே மனிதர், துப்பாக்கி விடயத்தில் தம் பட்டறையைத் தவிர வேறெவரும் எளிதில் செய்ய இயலாததை நாட்டுக்குப் பொதுவாக்க விரும்பினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலமும் கொடைகளும்

விட்வொர்த் 1857 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1869 இல் பாரோனெட் பட்டம் பெற்றார். 1868 இல் இளம் பொறியாளர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். கைத்தொழில் திறனும் கோட்பாட்டு அறிவும் ஆகிய இரண்டையும் தேர்வில் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. இவ்வுதவித்தொகை அவர் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்து வழங்கப்பட்டுவருகிறது.

உருகிய எஃகை அழுத்தி, அதிலுள்ள காற்றுக் குமிழிகளை நீக்கும் முறையைப் பிற்காலத்தில் உருவாக்கினார். மான்செஸ்டரை அடுத்த ஓப்பன்சாவில் எஃகு ஆலையும் எழுந்தது. முதல் மனைவி மறைந்தபின் 1871 இல் மேரி லூயிசா ஓரெல் என்பவரை மணந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உடல்நலம் குன்றிக் குளிர்காலத்தைக் கழிக்கச் சென்றிருந்த மாண்டி கார்லோவில் 1887 சனவரி 22 அன்று காலமானார். உடல் டெர்பிசயரிலுள்ள டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடம், பூங்கா ஆகியவை தோன்றின. அந்நகரின் புற்றுநோய் மருத்துவமனையும் அச்செல்வத்தால் பயன்பெற்றது. அவருடைய நிறுவனம் 1897 இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்து ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆயிற்று.

மரையின் பிந்திய வரலாறு

1864 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் மற்றொரு மரையை முன்மொழிந்தார். கோணம் 60 பாகை. உச்சியும் அடியும் தட்டை. 55 பாகையையும் வளைவையும் செய்வதைவிட இது எளிது என்பது அவர் வாதம். பட்டறையில் நின்று பார்த்தால் அவ்வாதம் சரியானதே. அமெரிக்கா அவ்வழி சென்றது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தப் பிளவு வெளிப்பட்டது. ரோல்ஸ் ராய்சின் மெர்லின் விமான எந்திரத்தை அமெரிக்காவில் செய்த பேக்கார்டு நிறுவனம், அதற்காகப் பிரித்தானிய மரைகளையே வெட்ட வேண்டியிருந்தது. 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகையில் ஒன்றுபட்ட மரையை ஏற்றன. 1960களில் பிரித்தானியா மெட்ரிக் மரைக்குத் திரும்பியது.

ஆயினும் 55 பாகை மறைந்துவிடவில்லை. தண்ணீர்க் குழாய் மரைகள் உலகின் பல நாடுகளில் இன்றும் விட்வொர்த் வடிவத்தையே பின்பற்றுகின்றன. தமிழகத்து வீடுகளில் பொருத்தப்படும் அரை அங்குலக் குழாய்த் திருகும் அவ்வகையே.

பெயரில்லாக் கருவிகளை அடையாளம் காணல்

பழைய கடைசல் பொறியின் சக், முகத்தட்டு, உளிதாங்கி போன்ற துணையுறுப்புகளில் பெரும்பாலும் பெயர் இராது. அவை வந்த பொறி எப்போதோ உடைத்து விற்கப்பட்டிருக்கும். இத்தகையவற்றை ஆராய்வோர் முதலில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரைகள் என்று எண்ணுகின்றனர். முழு எண் வராமல், மில்லிமீட்டரில் அளந்தால் ஒழுங்காக வருமானால் அது மெட்ரிக் மரை. முழு எண் வருமானால் அங்குல மரை, அடுத்து கோணம். மரைத் தகட்டளவியை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், 55 பாகைத் தகடு பொருந்துகிறதா 60 பாகைத் தகடு பொருந்துகிறதா என்று தெரியும். உச்சியின் வளைவை நம்பக் கூடாது. எந்த மரையும் பயன்பாட்டில் தேய்ந்து வளைந்துவிடும். அடியின் வளைவே சான்று.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. கால், முக்கால், ஒரு அங்குல விட்டங்களில் விட்வொர்த்துக்கும் செல்லர்சுக்கும் எண்ணிக்கை ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த் 12, செல்லர்ஸ் 13. எனவே ஒரு பொறியில் உள்ள அரை அங்குல போல்ட்டைத் தேடிப் பார்ப்பது நல்ல வழி. போல்ட்டு கிடைக்காமல் ஸ்பேனர் மட்டும் கிடைத்தாலும் செய்தி உண்டு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறிக்கப்பட்ட எண் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை; போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. அரை என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 0.92 அங்குலம், அதாவது 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இதை அறியாதவர் எண் தவறாகப் பொறிக்கப்பட்டுள்ளது என்றே எண்ணுவர்.

அட்டவணைக்குப் புறம்பான மரையே சில வேளைகளில் மிகத் தெளிவான அடையாளமாகிறது. ஒன்றேகால் அரைக்கால் இல்லாமல், ஓர் அங்குலத்தோடு அரைக்கால் சேர்ந்த (1⅛) விட்டத்துக்கு விட்வொர்த் அட்டவணை தருவது 7 மரை. அவ்விட்டத்தில் 12 மரையுள்ள, 55 பாகை முகத்தட்டு ஒன்று கிடைத்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது நாட்டிங்காமை அடுத்த பீஸ்டனில் செய்யப்பட்ட மைபோர்டு கடைசல் பொறி.

55 பாகை கண்டவுடன் பிரித்தானியப் பொருள் என்று முடிவுகட்டுவதும் தவறு. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மட்டுமன்றி, செருமனியிலும் விட்வொர்த் மரை நெடுங்காலம் பயன்பட்டது. பழுதான மரையைக் கடைந்தெடுத்து வேறு மரை வெட்டிய உறுப்புகளும் ஏராளம். ஆகவே வார்ப்பின் வடிவம், திருகுகளின் வகை, உளி பொருந்தும் உயரம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விட்வொர்த் இளமையில் பணிபுரிந்த ஹோல்ட்சாப்பல் நிறுவனம் கடைசிவரை அவர் மரைக்கு மாறவில்லை. அதன் கடைசல் பொறிகளின் சுழல்தண்டு முனையில் அங்குலத்துக்கு 9.45 மரை. இந்த எண் வேறு எந்த அட்டவணையிலும் இல்லாததால், பெயர் அழிந்த ஹோல்ட்சாப்பல் சக் ஒன்றை மரையைக் கொண்டே அடையாளம் கண்டுவிடுகின்றனர்.